உயர்த்திய வண்டியில் கொல்லிமலை இறக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவக்காரன். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வாழ்நாள் பூராவும் பிரேக் வேலையும் ஸ்பிரிங் பட்டை வேலையும் பார்த்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் பயப்படாமல் வேலை செய்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. பல்லி கத்தினால்கூட நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

இதை எழுதக் காரணம் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப். ஒரு காலத்தில் அங்கே லாரிகளாக நிற்கும். இப்போது பழைய ஜீப் வகை வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஓடி ஓய்ந்த வண்டியை வாங்கி, உயரத்தைத் தூக்கி, பெரிய டயர் போட்டுக் கேட்கிறார்கள். சாமான்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் கூரியரில் வந்துவிடுகின்றன. எப்படி மாட்டுவது என்று போனில் படம் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் அங்கே டீ குடிக்கப் போனபோது, அண்ணா எத்தனை இஞ்ச் வரைக்கும் தூக்கலாம் என்று ஒரு மெக்கானிக் என்னிடம் கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், லோடு வால்வை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கம்பி போட்டுக் கட்டிவிட்டோம் என்றார் சாதாரணமாக. எனக்கு டீ இறங்கவில்லை. பிறகு விவரமாகச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த விவரம்தான் இது.

எங்கள் ஊர் ராசிபுரம். வீட்டில் பட்டுத்தறி. இவனுக்கு நூல் பார்க்கிற பொறுமை இல்லை என்று அப்பாவே என்னை நாமக்கல்லுக்குக் கூட்டிவந்து அர்த்தநாரி மேஸ்திரியின் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். டீசலில் சாமான் கழுவினேன், கிரீஸ் அடித்தேன், பட்டை கழற்றினேன், பிறகு பிரேக்கில் கை வைக்க விட்டார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். பயம் எப்போது பிடித்தது என்றால், லாரிச் சக்கரத்தில் டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையம் இருக்கும். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் தெறிக்கும். பக்கத்துப் பட்டறையில் ஒருநாள் அது தெறித்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டில் போய் விழுந்தது. ஆள் யாரும் குறுக்கே இல்லை. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். கூரையில் விழுந்த ஓட்டைக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது. நான் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அர்த்தநாரி மேஸ்திரி சத்தம் போடும் ஆள் இல்லை. கெட்ட வார்த்தை பேசமாட்டார். அரைக்கைச் சட்டை, அதில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார், குனிந்து பார்ப்பார், பிறகு வேலை செய்தவனைப் பார்த்து, "ஏறலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். எங்கள் பட்டறையில் பிரேக்கைத் தொட்டவன் எவனோ அவன் முதல் லோடுக்கு வண்டியோடு போகவேண்டும். வேறு பட்டறைகளில் இந்த வழக்கம் இல்லை. இது அவர் வைத்தது. முட்டை லாரியோ, போர்வெல் லாரியோ, தீவன லாரியோ, லோடு ஏற்றி முதல் இறக்கம் இறங்கும்வரை நாம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் ஏறி உட்காருவதைப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி டீ சொல்லுவார்.

தொப்பூர்க் கணவாயில் நான் இறங்காத லாரி கிடையாது. ஒவ்வொரு தடவையும் இல்லாத பிரேக்கை என் காலால் மிதித்து மிதித்து, கீழே வரும்போது ஆடுசதை கல்லாகிவிடும். டிரைவர்களுக்கு நான் ஒரு வேடிக்கை. குழந்தைவேலு என்ற என் பேரைச் சுருக்கிக் கொழந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கொழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுங்க என்பார்கள். ஆனால் வேறு ஆள் பிரேக் பார்த்த வண்டியாக இருந்தாலும், கொழந்தையை ஒரு தடவை கையை வைக்கச் சொல்லுங்க என்று மேஸ்திரியிடம் வந்து நிற்பவர்களும் அவர்கள்தான்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. அவருக்கு மட்டுமல்ல, எங்கள் பக்கத்து லாரித் தொழிலுக்கே உள்ள பழக்கம். கட்டுக்கம்பி. சைலன்சர் தொங்கினால் கம்பி, மட்கார்ட் ஆடினால் கம்பி. வடநாட்டுக்கு லோடு எடுத்துப்போகும் லாரி நடுவழியில் நின்றால் அங்கே ஸ்பேர் கிடைக்காது, கம்பிதான் வீடு கொண்டுவந்து சேர்க்கும். மேஸ்திரி கம்பி கட்டினால் மூன்று முறுக்கு, பிறகு முனையை உள்பக்கமாக மடித்துவிடுவார், யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று. அந்தக் கட்டை எங்கே பார்த்தாலும் அவர் கை என்று சொல்லிவிடலாம்.

உயரத்தைத் தூக்கும் வேலை எங்களிடம் முதலில் சும்மா அழகுக்காகத்தான் வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒருவர் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, முடிந்தமட்டும் தூக்கி, இருப்பதிலேயே பெரிய டயர் போடச் சொன்னார். மேஸ்திரி எச்சரித்தார், அவர் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி மாவரைக்கிற சத்தம் வரும். மச்சினன் கல்யாணத்துக்கு அதில்தான் மாப்பிள்ளை ஊர்வலம் என்று எடுத்துப்போனார். மாப்பிள்ளைக்கு ஏற ஸ்டூல் போட்டார்களாம், இறங்கும்போது ஸ்டூலை யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். மறுவாரமே வந்து பழையபடி இறக்கிக்கொண்டு போனார். அந்த மாதிரி வேலைக்கு நான் பயப்பட்டதில்லை. அது ஊருக்குள் ஓடுகிற வண்டி.

பொன்னுசாமி வண்டி அப்படி இல்லை. அவர் புதுச்சத்திரத்துக்காரர். கோழிப்பண்ணையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, கொல்லிமலையில் மிளகும் காப்பியும் போட்டு மனைவியோடு மேலேயே குடியிருந்தார். மனைவி சரசுவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை நாமக்கல்லுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கீழேயே ஒரு வீடு பார்த்துத் தங்கலாமே என்று நானே கேட்டேன். அதற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த நோய்க்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாம். நம் ஊர் வெயிலில் அந்த அம்மாளுக்குத் தாகம் தாங்கவில்லை, ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். மலைக் குளிரில் அந்தத் தாகம் கொஞ்சம் அடங்குகிறது. அதனால் மேலே குடியிருப்பு, எழுபது வளைவு இறங்கி வந்து மருத்துவம்.

தார் ரோட்டிலிருந்து அவர் தோட்டத்துக்குப் போகும் பாதை வெறும் கல். அந்த மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளன்று, வண்டியின் வயிறு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டது. நாற்காலியில் வைத்து அந்த அம்மாளை ரோடு வரைக்கும் ஆட்கள் தூக்கி வந்தார்களாம். இனி அது நடக்கக் கூடாது, வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் போட்டுக் கொடுங்கள் என்று பொன்னுசாமி வந்து நின்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். மலை இறங்குகிற வண்டியை உயர்த்துவதா என்று எனக்குப் பயம். ஆனால் கேட்பது நியாயம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வண்டியை உயர்த்துவது என்றால் உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரந்தரமாகக் கூட்டுவது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வளைவு ஏற்றி, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். முன்பக்கம் அந்த வண்டிக்குப் பட்டை கிடையாது, நீளமான முறுக்குக் கம்பி ஒன்றுதான் எடையைத் தாங்கும், அதன் போல்ட்டை இறுக்க இறுக்க மூக்கு தூக்கும். இரண்டு இஞ்சுக்கு மேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தூக்குவது பெரிய வேலை இல்லை. தூக்கிய பிறகு, அதுவரை எட்டிக்கொண்டிருந்த சாமான்கள் எல்லாம் எட்டாமல் போகும், அதுதான் வேலை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ் எட்டாது. ஹேண்ட் பிரேக் கேபிள் எட்டாது. ஷாக் அப்சர்பர் நீளம் போதாது. வண்டியைச் சேசிஸில் தாங்கி நான்கு சக்கரத்தையும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு ஓஸையும் விரலால் தடவிப் பார்ப்பேன். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். டயர் பெரிசானால் ஸ்பீடு முள் குறைவாகக் காட்டும், ஐம்பது என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று பொன்னுசாமிக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்.

கடைசியாக லோடு வால்வு. பின் ஆக்சிலுக்கு மேலே, வண்டியின் உடம்போடு சேர்த்துப் பூட்டிய சின்ன வால்வு அது. அதிலிருந்து ஒரு ராடு ஆக்சிலுக்கு வரும். வண்டியில் எடை ஏறினால் உடம்பு தாழும், ராடு நெம்பும், பின் பிரேக்குக்கு ஆயில் கூடுதலாகப் போகும். வண்டி காலியாக இருந்தால் உடம்பு உயரும், பின் பிரேக்குக்கு ஆயில் குறையும். காலி வண்டிக்குப் பின் பிரேக் அதிகமாகப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இப்போது வண்டியை நாம் உயர்த்திவிட்டோம். வால்வுக்கு அது தெரியாது, எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும். இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் வேலை செய்து, சூடேறி, பெடல் தரையில் போய் முட்டும். ஆகவே எவ்வளவு உயர்த்தினோமோ அவ்வளவுக்கு ராடை நீட்ட வேண்டும். நான் ராடைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனேன்.

அது மின்வெட்டுக் காலம். லேத்தில் கரண்ட் இல்லை. அங்கேயே காத்திருந்தேன். மேஸ்திரி போன் செய்தார். அந்த அம்மாளுக்கு இன்றைக்கு மத்தியானம் டயாலிசிஸ், பொன்னுசாமி வண்டியை எடுத்துப்போய்க் கூட்டிவர வேண்டும், நீ உடனே வந்து ஏறு என்றார். ராடு என்ன ஆவது என்று கேட்டேன். "அத நான் பாத்துட்டேன்," என்றார். வேறு ராடு எங்கேயோ கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்ன வேலையை மறுபடி குனிந்து பார்க்கும் வழக்கம் அந்தப் பட்டறையில் யாருக்கும் கிடையாது. பையில் ஒரு கட்டிங் பிளேயரும் இரண்டு ஸ்பேனரும் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வாசலில் நின்ற மேஸ்திரி டீ சொன்னார்.

மேலே ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. கல் பாதையில் வண்டி எதிலும் இடிக்காமல் போனதும் பொன்னுசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லாத குறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். சரசு அம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார். என்னை யார் என்று கேட்டார். பிரேக் பார்த்தவர், கூட வருகிறார் என்று பொன்னுசாமி சொன்னதும், வேலை செய்தவரே கூட வருவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டார்.

இறங்கத் தொடங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. முதல் சில வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பிரேக் போடும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் லேசாக ஒருபுறம் ஒதுங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. பொன்னுசாமியிடம் சொன்னேன். புது டயரில்லீங்களா, பழகோணும் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு உள்ள சங்கடம் இதுதான். எல்லாவற்றுக்கும் பயப்படுவதால், எது நிஜமான ஆபத்து என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு வளைவில், கீழிருந்து ஏறி வந்த பஸ் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு திரும்பியது. பொன்னுசாமி பிரேக்கை மிதித்தார். பின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. வண்டியின் மூக்கு பஸ்ஸைப் பார்த்திருந்தது, பின்பக்கம் தன்போக்கில் பள்ளத்தின் பக்கம் சுற்றிக்கொண்டு போனது. உயரமான வண்டி, ஒருக்களித்துச் சாய்ந்தது. இவ்வளவுதான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மடேரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது பின் பம்பர் ஓரக்கல்லில் முட்டி வண்டி நின்றிருந்தது. பின்சீட்டு ஜன்னலுக்கு வெளியே மரங்களின் உச்சி தெரிந்தது. உச்சி மட்டும்தான் தெரிந்தது. சரசு அம்மாள் கதவோரம் சரிந்து கிடந்தார். "ஏனுங்க," என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். 

பஸ்காரர்கள் இறங்கி வந்து கயிறு போட்டு இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஈர ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் போனேன். ராடு மாட்டுகிற லோடு வால்வின் கையை மேலே தூக்கிக் கம்பி கட்டியிருந்தது. மூன்று முறுக்கு, முனை உள்பக்கமாக மடித்திருந்தது.

லாரிக்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. நாமக்கல் லாரி காலியாக ஓடுவது அபூர்வம், எப்போதும் தலைக்கு மேல் லோடு இருக்கும். வால்வைக் கட்டிவிட்டால் பின் பிரேக்குக்கு எப்போதும் முழு ஆயில். லோடு இருக்கிறவரை அது நல்லதாகவே தெரியும். ஆனால் இது மூன்று பேர் உட்கார்ந்த சின்ன வண்டி. மழை, இறக்கம், வழுக்குகிற ரோடு. லாரி பார்த்துப் பழகிய கைக்கு இந்த உலகத்தில் எல்லா வண்டியும் லோடு வண்டிதான்.

அடியில் படுத்தபடி நான் யோசித்தேன். கம்பியை அப்படியே விட்டால் அடுத்த வளைவில் மறுபடி வழுக்கும். வெட்டிவிட்டால் பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும், முன் பிரேக் சூடேறிப் பெடல் போய்விடலாம். பாதி மலைகூட இறங்கியிருக்கவில்லை. எனக்கு மேலே வண்டிக்குள் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் மெஷின் காத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அழுதுகொண்டேதான் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினேன்.

முதல் கியரைவிட்டு மாற்றவே கூடாது, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடவேண்டும் என்று பொன்னுசாமியிடம் சொன்னேன். சில வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். வெக்கை அடித்தால் ஆறும்வரை நிற்போம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அடிவாரம் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பொன்னுசாமியின் சட்டை முழுக்க வியர்வை. அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வண்டியை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

வெட்டிய கம்பியை மேஸ்திரியின் முன்னால் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். லாரிக்குக் கட்டுகிற ஞாபகத்தில் கட்டிவிட்டேன், ராடு வரும்வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன் என்றார். வண்டியில் யார் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், அன்று பேசினேன்.

"நீங்க ஏறியிருக்கோணுமுங்க மேஸ்திரி. கடைசியா பிரேக்கத் தொட்டது நீங்க."

பட்டறையில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் என்னை அடித்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு லேத்துக்கு நடந்தார். கரண்ட் வரும்வரை அங்கேயே நின்று ராடைச் செய்து வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். நான் மாட்டினேன். லோடு ஏற்றி, காலியாக, ஈரத்தில், காய்ந்த ரோட்டில் என்று எல்லா விதத்திலும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது.

வண்டி சரியாகிவிட்டது. அந்த அம்மாள் சரியாகவில்லை. அன்று சாயங்காலமே, இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று பஸ்ஸில் மலைக்குப் போனவர், வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த டயாலிசிஸ் நாள் வந்தபோது, வண்டியும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், இனி மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பொன்னுசாமி கெஞ்சியிருக்கிறார், சத்தம் போட்டிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போன் செய்தார். கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி பூராவும் உட்கார்ந்தே இருக்கிறாள் என்றார். இன்னும் ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேஸ்திரி சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, போலாம்," என்றார்.

பட்டறையில் நின்ற பொன்னுசாமியின் வண்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது அந்த அம்மாள் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. மேஸ்திரி உட்காரவில்லை.

"அம்மணி, அன்னிக்கு வண்டி இழுத்துட்டுப் போனதுக்குக் காரணம் நாந்தானுங்க. கம்பி கட்டுனது என்ர கை. இவனில்லீங்க," என்றார்.

அவர் அப்படி ஒரு வெளியாளிடம் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கட்டினீர்களோ அவிழ்த்தீர்களோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, துளிக்கூடப் பயமில்லை என்று பொன்னுசாமி நடுவில் புகுந்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்ணா, நீங்க சொல்லுங்க. இந்த வண்டியில எறங்கறதுக்கு உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

பொன்னுசாமி அவருக்குப் பின்னால் நின்று, இல்லை என்று சொல்லும்படி எனக்குக் கையைக் காட்டினார். மேஸ்திரியும் என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"பயமாத்தானுங்க இருக்குது. ராடு நான் மாட்டுனது. ஓஸு, வீலு எல்லாம் காலைல கூடப் பாத்தேன். வண்டி நிக்குமுங்க. ஆனா அந்த வளைவ நெனச்சா எனக்கு இன்னும் கை நடுங்குதுங்க."

கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பொன்னுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார்.

"இவரும் பயமில்லேங்கறாரு. ஆஸ்பத்திரில டாக்டரும் பயமில்லேங்கறாரு. பாக்கற சனமெல்லாம் அதையேதான் சொல்லுது. எனக்கு ஒருத்திக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சாட்டன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

பிறகு ஸ்வெட்டரை எடுத்து வரச் சொன்னார். எழுந்து நிற்கப் பொன்னுசாமி தோளைக் கொடுத்தார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்து, "நாம ரெண்டு பேரும் பின்னால உக்காந்துக்கலாமுங்க," என்றார். மேஸ்திரி முன்னால் ஏறிக்கொண்டார்.

பைபாஸ் ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டிய விவரம் இவ்வளவுதான். எத்தனை இஞ்ச் தூக்கலாம் என்று கேட்டீர்கள். வால்வில் கட்டிய கம்பியை வெட்டிவிட்டு, ராடை நீட்டிவிட்டு, மழை பெய்கிற நாளில் நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள், அப்புறம் இஞ்சைப் பற்றிப் பேசலாம்.

நாங்கள் நான்கு பேரும் இறங்கிய அன்று மழை இல்லை, ஆனால் ரோடு ஈரமாகத்தான் இருந்தது. பொன்னுசாமி மெதுவாக இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அந்த ஓரக்கல்லும் வந்து கடந்து போனது. அந்த அம்மாள் இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார், நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன். அடிவாரம் வந்து ரோடு நேரான பிறகுதான் கையை எடுத்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் எடுக்கவில்லை. நான் மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.